பெட்ரோல் நெடி இல்லாமல் வண்டியில் கேன் கொண்டுபோவது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், ஃபைபர் படகுக்கு அவுட்போர்டு எஞ்சின் வாங்கியவர்கள், தோப்பில் புல் வெட்டும் மிஷின் ஓட்டுகிறவர்கள், மழைக்காலத்துக்கென்று ஜெனரேட்டர் வாங்கிப் போட்டவர்கள் எல்லோருக்கும் இந்த வேலை ஒருநாள் வந்து சேரும். பங்கில் பெட்ரோல் பிடித்து, வண்டியில் ஏற்றி, பத்து இருபது கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டும். வாலிநோக்கம், மூக்கையூர் பக்கமோ, தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கடலோரம் உள்ள ஊர்களிலோ இருந்தால், ஒவ்வொரு தடவையும் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு பங்குக்குப் போக முடியாது.

கொண்டுவந்த பிறகுதான் தொல்லை. இரண்டு மூன்று நாள் காருக்குள் நெடி நிற்கும். பிள்ளைகள் குமட்டுகிறது என்பார்கள், பெரியவர்களுக்குத் தலை வலிக்கும். உடனே வாசனை பாட்டில் வாங்கி ஏசி முன்னால் மாட்டுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நெடி அடிக்கிறது என்றால் பெட்ரோல் எங்கோ வெளியே வந்துகொண்டிருக்கிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெட்ரோல் ஆவி சேர்ந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அந்த அளவுக்கு வெகு முன்னாலேயே மூக்கு நமக்குச் சொல்லிவிடுகிறது. அந்த எச்சரிக்கையை மல்லிகை வாசனையால் மூடுவது ஆபத்து. நெடியைப் போக்குவது நம் வேலை அல்ல, அது பிறக்காமல் பார்ப்பதுதான் வேலை. கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

முதலில், கேன் தேவைதானா?

பைக்கில், காரில் ஊற்றுவதற்காக யாரும் கேனில் வாங்கி வைக்க வேண்டாம். வண்டியின் டேங்க்கைவிட நல்ல பெட்ரோல் கேன் கிடையாது. தனுஷ்கோடி, அரிச்சல்முனை போகிறவர்கள் ராமேசுவரத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு போனால் போய்த் திரும்ப நாற்பது ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்குக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஒரு லிட்டர் எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போவது வீண் ஆபத்து. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கிறது, எப்போதும் சூடாகவே இருக்கும். அதற்குள் பெட்ரோல் பாட்டில் கூடவே கூடாது.

எஞ்சின், ஜெனரேட்டர், மிஷின் என்று உண்மையான தேவை இருந்தால் மட்டும் கேன். அதுவும் அந்த வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

1934ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், கொண்டுபோகலாம். ஆனால் எதில் வைக்கலாம் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: இறுக மூடிய உலோகக் கலமென்றால் ஒன்றில் 25 லிட்டருக்கு மேல் கூடாது, கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலும், எண்ணெய் வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கேனும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பெட்டிக்கடைகளில் பாட்டிலில் ஊற்றி விற்கிறார்களே என்று கேட்டால், விற்பனை என்று வந்துவிட்டால் இந்தச் சலுகை பொருந்தாது.

ரயிலில் கொண்டுபோகவே கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. பஸ், ஷேர் ஆட்டோவும் வேண்டாம். கூட்டத்தில் பக்கத்தில் நிற்பவருக்கு அது என்ன கேன் என்றே தெரியாது.

பல பங்குகளில் கேனில் கொடுக்க மாட்டார்கள். அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள், போலீஸ் சொல்லித்தான் செய்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பங்கில் ஒருதரம் நேரில் போய், இன்ன எஞ்சின், இன்ன தேவை என்று சொல்லி, நல்ல உலோகக் கேனைக் காட்டிப் பேசி வைத்துக்கொண்டால் காரியம் நடக்கும். ரசீதை மறக்காமல் வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். கடலோரச் சாலை என்பதால் வண்டிச் சோதனை இங்கே சகஜம், நிறுத்திக் கேட்டால் ரசீதைக் காட்டி விளக்கம் சொல்லலாம். பரமக்குடியில் இமானுவேல் சேகரன், பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் நினைவு நாட்களையொட்டி மாவட்டத்தில் கெடுபிடி இருக்கும்போது கேனோடு ரோட்டில் இறங்கவே வேண்டாம். தேவையை முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கேன்

கிளிப் போட்டு அழுத்தி மூடுகிற உலோக ஜெர்ரி கேன் வாங்குங்கள். 5, 10, 20 லிட்டர் அளவுகளில் வருகிறது. புதியவர்களுக்கு என் யோசனை 10 லிட்டர் கேன். 20 லிட்டர் கேன் நிறைந்தால் கேனோடு சேர்த்து இருபது கிலோவை நெருங்கும். அதைத் தூக்கி எஞ்சின் டேங்க்கில் சாய்க்கும்போது கை ஆடும், ஆடினால் சிந்தும், சிந்தினால் நெடி. இரண்டு சின்னக் கேன்கள் ஒரு பெரிய கேனைவிட நல்லது.

பிளாஸ்டிக் கேனில் மூடியை எவ்வளவு முறுக்கினாலும் நெடி வருவதற்குக் காரணம் உண்டு. சாதாரண பிளாஸ்டிக்கின் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவி மெதுவாகக் கசியும். ஒரு மணி நேரப் பயணத்தில் தெரியாது, ஒரு ராத்திரி காருக்குள் கிடந்தால் காலையில் கதவைத் திறந்ததும் தெரியும். போதாததற்கு இந்த ஊர் வெயிலில் அந்த மூடிகள் சீக்கிரமே வெளிறி வெடித்துவிடும்.

உலோகக் கேனுக்கு எதிரி உப்புக் காற்று. அடி விளிம்பும் பக்கவாட்டு இணைப்பும்தான் முதலில் துருப்பிடிக்கும் இடங்கள். மாதம் ஒருமுறை கேனைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் சுரண்டிவிட்டுப் பூசிக்கொள்ளலாம், ஆனால் கேன் காலியாகவும் நன்றாகக் காற்றாடியும் இருக்கும்போது, கையால் மட்டும் சுரண்ட வேண்டும். மிஷின் வைத்துத் தேய்த்தால் பொறி பறக்கும். துளை விழுந்த கேனுக்கு வெல்டிங் வேண்டவே வேண்டாம். காலியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும்.

வாஷர்தான் எல்லாம்

நெடி விஷயத்தில் பாதிப் பிரச்சினை மூடிக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷரில்தான். மூடியைத் திறந்து ஆள்காட்டி விரலை அதன் மேல் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கேன் வாய் அழுந்திய தடம் வட்டமாக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் தடமே இல்லாமலும் இருந்தால் மூடி கோணலாக உட்காருகிறது. வாஷரைக் கழற்றி லேசாக மடியுங்கள். மடிப்பில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விரலில் நறநறவென்று பட்டால் மணல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் மணல் எல்லாவற்றுக்குள்ளும் புகும். ஒரே ஒரு மணல் துணுக்கு வாஷருக்கும் கேன் வாய்க்கும் நடுவே உட்கார்ந்தால் போதும், வழி முழுக்க அந்த இடத்தில் கசியும். நிரப்பும் முன் உலர்ந்த துணியால் வாஷரையும் வாய் விளிம்பையும் துடைப்பது நெடிக்கு எதிரான மிக மலிவான மருந்து.

வாஷர் கெட்டுப்போனால் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போடுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அது நிற்காது. அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பி, கொழகொழவென்று மெத்தாகி, மூடியை விட்டு நழுவி வந்துவிடும். பாலித்தீன் பையை மடித்து மூடிக்குக் கீழே வைத்துத் திருகுவதும் அப்படித்தான், முதல் அரைமணி நேரத்துக்கு ஒரு திருப்தி, அப்புறம் கசிவு. பேரிங், ஆயில் சீல் விற்கும் கடைகளில் பெட்ரோல் தாங்கும் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோனால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். இரண்டாக வாங்கி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

புதுக் கேனை முதலில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கலாம். கால்பங்கு தண்ணீர், மூடியைப் போட்டு, பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி கவிழ்த்து வையுங்கள். காலையில் தாள் ஈரமாக இருக்கக் கூடாது. பிறகு தண்ணீரைக் கொட்டி, வாயைத் திறந்துவைத்து உள்ளே சொட்டு ஈரமில்லாமல் காயவிட வேண்டும். பெட்ரோல் நிரப்பிய பிறகு இன்னொரு சோதனை: நிழலில் அரைமணி நேரம் வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரை மூடியைச் சுற்றித் தடவுங்கள். சின்னச் சின்னக் குமிழ் எழும்பினால் அங்கேதான் ஆவி வெளியேறுகிறது.

பங்கில் நிரப்பும்போது

கேனை வண்டியிலிருந்து இறக்கி வெறும் தரையில் வையுங்கள். பைக் சீட்டின் மேலோ, கார் டிக்கிக்குள் வைத்தபடியோ, பிக்கப்பின் பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ வைத்து நிரப்பக் கூடாது. பெட்ரோல் ஓடும்போது உண்டாகும் நிலை மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறியாகிவிடும். நாசில் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். வேகமாகப் பிடித்தால் நுரைத்துப் பொங்கி வெளியே தெறிக்கும்.

வாய் வரை நிரப்பாதீர்கள். 10 லிட்டர் கேனில் 9 லிட்டர், 20 லிட்டர் கேனில் 18 லிட்டர் போதும். பெட்ரோல் சூட்டில் விரியும். 20 லிட்டர் பெட்ரோலின் சூடு 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 400 மில்லி கூடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இந்த ஏற்றம் சர்வசாதாரணம். மேலே இடமில்லை என்றால் அந்த 400 மில்லி வாஷரைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும்.

பிடித்து முடிந்ததும் நாசிலைச் சட்டென்று உருவ விடாதீர்கள். சில நொடி கேனுக்குள்ளேயே நிறுத்தி, கடைசிச் சொட்டு விழுந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். பலர் காருக்குள் நாள்கணக்கில் அனுபவிக்கிற நெடி கேனுக்குள் இருக்கும் பெட்ரோலின் நெடியே அல்ல, கேனுக்கு வெளியே வழிந்த அந்த நாலு சொட்டின் நெடி. உலர்ந்த பருத்தித் துணியால் வாய், கழுத்து, கைப்பிடி, பக்கவாட்டு எல்லாம் துடைத்துவிட்டு மூடுங்கள். மூடியபின் கேனை ஒருதரம் படுக்க வைத்துப் பார்த்து, நிமிர்த்தி, காற்றுப் படும் இடத்தில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு ஏற்றுங்கள். துடைத்த துணியை வண்டிக்குள் போடாதீர்கள். அந்த ஒரு துணி போதும், எல்லாப் பாடும் வீண்.

இன்னொன்று, செருப்பு. பங்குத் தரையில் சிந்திக் கிடப்பதை மிதித்துவிட்டுக் காரில் ஏறினால் நெடி காரின் கால்மிதி மேட்டில் ஏறிவிடும். ஏறும் முன் செருப்பு அடியை மணலில் தேய்த்துவிட்டு ஏறுங்கள்.

வண்டியில் எங்கே வைப்பது

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மூடிய காரைவிடத் திறந்த வண்டி எப்போதும் மேல். குட்டியானை, பிக்கப் கிடைத்தால் அதன் பின்பக்கத் தொட்டியில், கேபினை ஒட்டி, நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். மேலே ஈரச் சாக்கு போர்த்தினால் வெயில் நேராகப் படாது. டிரைவர் அண்ணன் காலையில் டேஷ்போர்டில் ஊதுபத்தி ஏற்றுகிறவராக இருப்பார், அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பைக்கில் என்றால் 5 லிட்டருக்கு மேல் வேண்டாம். சைலன்சர் இல்லாத பக்கம் இரும்புக் கேரியர் மாட்டி, அதில் இறுகக் கட்ட வேண்டும். ஹேண்டில்பாரில் தொங்கவிடுவதும், பின்னால் உட்கார்ந்தவர் மடியில் வைத்துக்கொள்வதும் கூடாது.

வேறு வழியே இல்லாமல் காரில்தான் என்றால், டிக்கியில் நிமிர்த்தி, அகலமான பிளாஸ்டிக் டிரேயில் வைத்து, சாயாதபடி இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்துக் கட்டுங்கள். ஹேட்ச்பேக் கார்களில் டிக்கியும் ஆள் உட்காரும் இடமும் ஒரே அறைதான் என்பதை நினைவில் வையுங்கள். பிள்ளைகளை அந்தப் பயணத்தில் ஏற்றாதீர்கள். ஏசியை அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். வழியில் டீக்கடை, மீன் கடை என்று நிறுத்த வேண்டாம். பங்கிலிருந்து நேராகப் போய், சேர்ந்ததும் முதல் வேலையாகக் கேனை இறக்குங்கள். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பெட்ரோல் கேன் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது.

கடற்கரை ஊர்களில் எங்கே பார்த்தாலும் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி கிடக்கும். அளவாக இருக்கிறதே என்று கேனை அதற்குள் வைக்கத் தோன்றும். தெர்மாகோல் பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும், அடியில் ஒட்டிக்கொண்டு சுத்தம் செய்யவும் வராது. மூடி போட்ட ஃபைபர் ஐஸ் பெட்டியும் வேண்டாம், உள்ளே ஆவி தேங்கி நிற்கும்.

இறக்கிய பிறகு

வெயிலில் வந்த கேன் லேசாக உப்பியிருக்கலாம். நிழலில் வைத்து ஆறவிட்டு, திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, மெதுவாகத் திறவுங்கள். அப்படியே எஞ்சினில் ஊற்றப் போகிறீர்கள் என்றால் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நீளமான மூக்குள்ள புனல் வைத்துக்கொள்ளுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எடுப்பதை அடியோடு விடுங்கள், பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் வைக்கும் இடம்: அடுப்படி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச், சாமி விளக்கு இவை எதுவும் பக்கத்தில் இல்லாத, காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய நிழல். ஓலைக் கொட்டகை ஆகாது. ஈரமணலில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் அடி துருப்பிடிக்காது. கேனில் ‘பெட்ரோல்’ என்று பெரிதாக எழுதி, வாங்கிய தேதியையும் எழுதுங்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்காற்றின் ஈரம் சேர்ந்தால் அடியில் தண்ணீர் பிரிந்து எஞ்சின் இருமும். ஒரு மாதத்துக்குள் செலவழித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலும், முடிந்தால் பவுடர் வகைத் தீயணைப்பானும் இருக்கட்டும். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு சேர்ந்து பரவும். தீயணைப்பு நிலையம் 101.

சிந்திவிட்டால்

காரை நிழலில், காற்றில் நிறுத்தி நாலு கதவையும் டிக்கியையும் திறந்துபோடுங்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவது போதாது, ஆவி தரைமட்டத்தில் கிடக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வேக்குவம் கிளீனர் பக்கத்திலேயே வரக் கூடாது, அதன் மோட்டாரில் பொறி உண்டு. மேட்டை எடுத்து வெளியே போட்டு, நனைந்த இடத்தைப் பழைய துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். அப்புறம் உலர்ந்த மண்ணைத் தூவி ஊறவிட்டு அள்ளுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதன் உப்பு காரின் தரைத் தகட்டைத் தின்றுவிடும். தோட்டத்து மண் போதும். அள்ளிய மண்ணையும் துணியையும் நெருப்பு இல்லாத திறந்த வெளியில் காயப் போடுங்கள், சாக்கடையில் போடக் கூடாது.

மேட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி வெயிலில் காய வையுங்கள். மிச்ச நெடிக்கு நம் மாவட்டத்திலேயே கைவைத்தியம் இருக்கிறது: சீமைக்கருவேலங்கரி. ஒரு கிலோ வாங்கி இடித்து, பழைய வேட்டித் துணியில் முடிச்சுக் கட்டி, காரின் தரையில் நாலைந்து இடத்தில் ராத்திரி வையுங்கள். கரி ஆவியை இழுத்துக்கொள்ளும். பகலில் கதவைத் திறந்துபோட்டு, ராத்திரி கரி முடிச்சு என்று சில நாள் செய்தால் குறைந்துவிடும். குறையவில்லை என்றால் சீட்டுக்கு அடியில் உள்ள விரிப்பு வரை இறங்கியிருக்கிறது, அதைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். கையில் ஒட்டிய நெடிக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு சோப்புப் போடுங்கள்.

மிஷினும் காலிக் கேனும்

கேனில் இத்தனை கவனம் வைத்துவிட்டு, மரம் அறுக்கும் மிஷினையோ புல் வெட்டியையோ டேங்க்கில் பெட்ரோலோடு டிக்கியில் படுக்கப் போட்டால் நெடி அதிலிருந்து வரும். ஏற்றும் முன் மீதி பெட்ரோலைக் கேனுக்கு மாற்றி, மிஷினை அது தானாக நிற்கும் வரை ஓட்டி, ஆறவிட்டு ஏற்றுங்கள். அவுட்போர்டு எஞ்சினின் தனி டேங்க்குக்கு மூடியில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். கடலில் ஓடும்போது அது திறந்திருக்க வேண்டும், வண்டியில் ஏற்றும்போது மூட வேண்டும். பெட்ரோல் டியூப்பைக் கழற்றி அதன் முனையை மேல்நோக்கி வைத்துக் கட்டுங்கள்.

காலிக் கேன் என்று அசட்டையாக இருக்காதீர்கள். நிறைந்த கேனில் ஆவிக்கு இடம் கொஞ்சம், காலிக் கேனில் முழுக்க ஆவிதான். நெடியும் அதிகம், தீப்பிடிக்கும் வாய்ப்பும் அதிகம். திறந்துபோட்டுக் கொண்டுவந்தால் வண்டியில் ஏறும் ஆவி முழுக்க அதிலிருந்துதான். வாயைத் துடைத்து, வாஷரைப் பார்த்து, இறுக மூடி, நிறைந்த கேனைக் கட்டிய அதே இடத்தில் அதே மாதிரி கட்டிக் கொண்டுவாருங்கள்.